குடோன் பார்க்கப் போனேன்

ஷட்டரைத் தூக்கியதும் ஈர வாடை குப்பென்று அடித்தது. வீட்டை இடித்துக் கட்டி முடிக்கும்வரை சாமான்களைப் போட்டுவைக்க குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய குடோன்.

"நல்ல விசாலமாக்கும் சார், பாத்தியளா?" என்றார் ஓனர்.

நான் பார்த்தது சுவரின் அடியை. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் வைத்ததும் பூச்சு மாவாய் உதிர்ந்தது. அதற்கு மேலே புது பெயின்ட் வேறு!

ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ரெண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் துணி, புத்தகம், மரம் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். இடம் பெரிதென்றால் சாமானைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகைமேல் அடுக்கலாம். ஆனால் காற்று ஓடணுமே. இங்கே ஜன்னலே கிடையாது.

கூரையும் தகரம். ராத்திரி குளிர்ந்தால் உள்பக்கமே வியர்த்துச் சொட்டும்.

தக்கலை பக்கம் மேட்டில் ஒரு மாடி அறை இருக்காம், கொஞ்சம் சின்னது. அம்மாவின் தேக்குப் பெட்டி அங்கேதான் போகும்.