உட்கார்ந்திருக்கும் பெண்கள்

எங்கள் இராயபுரம் வீட்டுச் சுவரில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், ஏதாவது ஒரு மளிகைக் கடையின் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் மாறினாலும் அதில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி மாறுவதில்லை. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கடவுளரை வண்ணப் படங்களாக வீடுதோறும் கொண்டுசேர்த்த இரவி வர்மாவின் லட்சுமிக்கு இவள் பேத்தி முறை ஆக வேண்டும். அவள் பாதத்தின் கீழ் ஓர் இதழ்கூட மடங்கியிருக்காது. அதே சுவரடியில், காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு உச்சிவெயிலில் திரும்பும் என் அத்தை, அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முனகலோடு உட்கார்ந்து காலை நீட்டுவார். பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் எனக்கு, பெண்கள் வரைந்த பெண்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இரண்டு உடல்களுக்கும் இடையே இருந்த தூரம் உறைத்தது. பெண்கள் வரைந்த படங்களில் பெண்ணின் உடலுக்கு எடை இருக்கிறது. அவள் உட்காருகிறாள், சாய்கிறாள், படுக்கிறாள்.

புடாபெஸ்டில் 1913இல் பிறந்து பாரிசில் பயின்ற அம்ரிதா ஷெர்கில், இந்தியா திரும்பியபின் 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தில் மூவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. அந்தப் படத்தைக் கைப்பேசியில் அத்தையிடம் காட்டியபோது, “இன்னாம்மா இது, மூணு பொண்ணுங்களும் சாவு வூட்ல ஒக்காந்துனுகிற மாதிரி கீதுங்க” என்றார். எனக்கும் ஷெர்கிலோடு உள்ள வழக்கு இதுதான். அவர் ஓவியங்களில் வரும் ஏழைப் பெண்கள் ஏன் ஒருமுறைகூடச் சிரிப்பதில்லை? மீன் ஏலத்தின் நடுவே அத்தையும் அவருடைய கூட்டாளிகளும் அடிக்கும் கேலிக்கு ஏலக்காரரே தடுமாறிப்போவதைக் கண்டவள் நான்; வறுமை இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்காது என்பது வசதியான வீட்டிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். ஆனால் 1940இல் அவர் வரைந்த, கயிற்றுக் கட்டிலில் சிவப்புடை அணிந்து படுத்திருக்கும் பெண்ணைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது யாருக்காகவும் அழகாகப் படுத்த உடல் அல்ல. பகல் புழுக்கத்தில், செய்வதற்கு ஒன்றுமில்லாத வீட்டில், வெறுமனே கிடக்கும் உடல்.

நம் ஊரிலேயே, பெரியமேட்டில் இருக்கும் ஓவியக் கல்லூரியில், 1960களில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர் கேரளத்து டி.கே. பத்மினி. ஆடையற்ற பெண்ணுடலைக் கூச்சமோ குழைவோ இல்லாமல் வரைந்த அவர், 1969இல், முப்பது வயதைத் தொடும் முன்பே பிரசவத்தில் இறந்துபோனார். அந்தச் சாலையில் எத்தனையோ ஆண்டுகள் பேருந்தில் போய்வந்தும் அவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

என்னை மிகவும் அலைக்கழித்தது நீலிமா ஷேக் 1984ஐ ஒட்டி வரைந்த ‘சம்பா வளர்ந்தபோது’ என்னும் பன்னிரண்டு படங்கள்தான். பெரிய திரைச்சீலை ஓவியங்கள் அல்ல. காகிதத்தில் டெம்பரா வண்ணத்தில் தீட்டிய, பழைய ஏட்டோவியங்களைப் போலக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய சிறிய படங்கள். பரோடாவில் ஓவியர் அறிந்திருந்த ஒரு பெண்ணின் கதை அது. முதலில் சம்பா மிதிவண்டி ஓட்டுகிறாள், ஊஞ்சல் ஆடுகிறாள், பிறகு திருமணம், பிறகு புகுந்த வீட்டு அடுப்படி, பிறகு நெருப்பு. எண்பதுகளில் எங்கள் தெருவில் வளர்ந்த எவருக்கும் “ஸ்டவ் வெடிச்சிடுச்சாம்” என்ற சொற்றொடரின் பொருள் தெரியும். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வாழவந்த ஒரு பெண்ணைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு நின்ற வரிசையில், பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி அதைப் பேசியதும், வெடித்த ஸ்டவ் எப்படி மருமகளை மட்டும் தேடிப்போய்ச் சுடுகிறது என்று அத்தை ஒருவர் மட்டும் உரக்கக் கேட்டதும் இன்றும் காதில் இருக்கின்றன. நீலிமா ஷேக் அந்தக் கொலையைக் கூச்சலிட்டு வரையவில்லை. மிதிவண்டியை வரைந்த அதே மென்மையான கோட்டால்தான் அடுப்படியையும் வரைந்திருக்கிறார். முதல் படத்தில் தரையில் பாவாமல் பறந்த பெண், படம் படமாகச் சுருங்கி ஒரு மூலைக்குள் ஒடுக்கப்படுவதை நம் கண்ணே பின்தொடர வேண்டியிருக்கிறது.

பெங்களூரின் புஷ்பமாலா செய்தது வேறு வகைக் குறும்பு. 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்ணின் பழகிப்போன உருவங்களை எல்லாம் தாமே வேடமிட்டு நடித்துப் படமாக்கினார்; அவற்றில் ஜெயலலிதா சாட்டையைச் சொடுக்கும் பழைய திரைப்படக் காட்சியும் உண்டு, இரவி வர்மாவின் லட்சுமியும் உண்டு. எங்கள் காலண்டர் லட்சுமியின் இடத்தில் எலும்பும் சதையுமான ஒரு பெண் ஏறி நின்றுவிட்டாள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆயினும் இவர்கள் அனைவரும் கல்லூரியிலோ படித்த குடும்பங்களிலோ உருவானவர்கள் என்பதை மறக்க முடியவில்லை. பீகாரின் மதுபனிப் பகுதியில் மல்லாஹ் என்னும் மீனவச் சமூகத்தில் பிறந்த துலாரி தேவி, ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலைக்குப் போன இடத்தில் கோடு இழுக்கக் கற்றுக்கொண்டவர். மதுபனியை உள்ளடக்கிய மிதிலை வட்டாரப் பெண்கள் மணவறைச் சுவரில் காலங்காலமாக வரைந்தவை, 1960களின் பஞ்சத்தின்போது பிழைப்புக்காகக் காகிதத்துக்கு மாறின. ஆனாலும் துலாரி தேவி தெய்வங்களோடு நிற்காமல் தம் மக்களையும், படகையும், மீனையும் அந்தக் காகிதத்துக்குள் கொண்டுவந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் வரைந்த மீன்களையும் அத்தையிடம் காட்டினேன். இம்முறை கைப்பேசியைத் தம் கையிலேயே வாங்கிக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “வவ்வாலும் இல்ல, ஷீலாவும் இல்ல. ஆத்து மீனா இது?” என்று கேட்டார். ஆற்று மீனோ குளத்து மீனோ தெரியாது, வரைந்தவர் மீன்காரக் குடும்பத்துப் பெண் என்றேன். அத்தை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு, “அப்ப அவளுக்கும் முட்டி வலி இருக்கும், கேளு” என்றார்.