போனது வளையம் மட்டும்தான்

பேஸ் வரும்போது மட்டும் ஸ்பீக்கர் கரகரவென்று அடித்தால், முதலில் முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு வடிவ கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம், தொட்டாலே கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டும். இல்லையென்றால் பொடிப்பொடியாக உதிரும். பாலியூரித்தேன் ஃபோமின் குணமே அதுதான். ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம் மூன்றும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் தப்பாது. பொதுவாகப் பத்து முதல் இருபது வருஷம் தாங்கும் என்பார்கள். கடலோரத்துக்காரர்கள் பத்து என்றே வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் கடலோர ஊரான கீழக்கரையில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வந்த பழைய ஸ்டீரியோ செட் பல வீட்டுப் பரணில் கிடக்கும். எங்கள் வாப்பா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ஜோடியில் பேஸுக்கு எட்டு அங்குல வூஃபரும் கீச்சு ஒலிக்கு ஒரு சின்ன ட்வீட்டரும் உண்டு. அடுத்து போனபோது கடுதாசிக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்புவார். உம்மா இந்தப் பெட்டியில்தான் போட்டுக் கேட்பார். வாப்பாவின் குரல் இதில் எப்படிக் கேட்கும் என்று எனக்கு மனப்பாடம்.

அதனால்தான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில், "கோன், காயில் எல்லாத்தையும் புதுசா மாத்திடலாம் தம்பி, சும்மா கும்முனு அடிக்கும்" என்றபோது வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன். கோனின் கனமும் அதைப் பின்னால் பிடித்திருக்கும் ஸ்பைடரின் விறைப்பும் சேர்ந்ததுதான் ஒரு ஸ்பீக்கரின் குரல். கோனின் அடியில் காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருள்தான் காயில். அதன் மின்தடையை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 6 ஓம் காட்டியது. காயில் உயிரோடு இருக்கிறது. நல்லதை எதற்குப் பிடுங்க வேண்டும்?

புது வளையத்தை "எட்டு இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளிவிட்டம், கோனைத் தாங்கும் ஸ்பீக்கர் சட்டத்தின் உள்விட்டம் இரண்டையும் அளந்து சொல்லுங்கள். ரப்பர் வளையம் போட்டால் வெகுகாலம் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அது கனம். ஃபோமுக்கென்று கணக்குப் போட்டுச் செய்த கோன் அதில் வேறு மாதிரி அசையும். இந்த உப்புக் காற்றிலும் நான் மறுபடி ஃபோம்தான் போட்டேன். போனால் இன்னொரு தரம் மாற்றிக்கொள்ளலாம்.

நிதானம் வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. கோனின் நடுவில் மூடியாக ஒட்டியிருக்கும் டஸ்ட் கேப்பின் ஓரத்தை பிளேடால் மெல்லக் கீறி எடுத்தால், காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி தெரியும். கச்சான் காற்றில் ஜன்னல் கொண்டியே துருவேறும் ஊர் இது. டார்ச் அடித்துப் பாருங்கள். துருப்பொடி இருந்தால் காந்தம் அதை விடாது. காகித அட்டையில் ஒட்டும் டேப்பைச் சுற்றி, உள்ளே விட்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இரும்பே பொரிந்து உப்பியிருந்தால் வளையம் மாற்றியும் பயனில்லை, காயில் உரசும்.

சுத்தமானதும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குறுகலாக நறுக்கி அந்த இடைவெளியில் நாலு பக்கமும் சமமாகச் செருகினால் காயில் நட்டநடுவில் நிற்கும். வளையத்தை முதலில் கோனில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை போதும். மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிபார்க்க அவகாசம் கிடைக்கும். நொடியில் ஒட்டும் பசை இங்கே ஆகாது. காய்ந்ததும் ஃபிலிமை உருவிவிட்டு, கோனை இரு கையாலும் சமமாக அழுத்திப் பார்த்து, உரசல் சத்தம் இல்லையென்றால் டஸ்ட் கேப்பை மூடலாம்.

ட்வீட்டர் மங்கியிருந்தால் பேஸையும் கீச்சு ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள, பிளஸ் மைனஸ் இல்லாத நான்-போலார் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்கணும். வோல்ட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. பிளஸ் மைனஸ் உள்ள சாதாரணக் கெப்பாசிட்டர் கூடாது.

ஒரு பெட்டி மட்டும்தான் கரகரக்கிறது என்றாலும் இரண்டுக்கும் சேர்த்தே வளையம் வாங்குங்கள். ஒரே வயசு ஃபோம், மற்றதும் சீக்கிரம் உதிரும். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் இரண்டு பக்கமும் பேஸ் ஒன்றாக வராது.