பெரியம்மா பிள்ளைகளின் புத்தகம் வாசிக்கிறா

மே 11

கனடா மச்சாள் வந்து போய்விட்டா. சொக்லேட், கோடாலித் தைலம், ஒருவருக்கும் அளவில்லாத இரண்டு ஜக்கெட், எல்லாம் பங்குபோட்டு முடிந்தது. பெட்டியின் அடியில் ஏழு ஆங்கில நாவல்கள் கிடந்தன. அங்கே மச்சாளின் மகள் வாசித்துக் கழித்தவை, இங்கே என் தங்கையின் மகளுக்கு. அவளுக்குப் பதினாறு வயது. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே வளவில்தான் வீடு, நடுவில் ஒரு முருங்கையும் கிணறும். அங்கே வருவது எதுவும் அரை மணி நேரத்தில் இங்கேயும் வந்துவிடும்.

ஏழும் ஃபேன்டசி, மந்திர உலகக் கதைகள். பெரும்பாலான அட்டையில் கத்தி அல்லது கிரீடம், சிலதில் இரண்டும். யங் அடல்ட் என்கிற வகை. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்காரருக்காம். எனக்கு 45. கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை விரித்தேன். பக்கத்து மேசைக்காரர் அட்டையைப் பார்த்து, "பிள்ளையின்ட புத்தகமா மிஸ்?" என்றார். ஓம் என்றேன். பொய் இல்லைதானே.

இரவு போனில் தேடிக் கொஞ்சம் ஆறுதல்பட்டேன். 2012இல் பௌக்கர் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்ததில், இந்த வகைப் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 வீதம் பேர் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். அதிலும் 30 முதல் 44 வயதுக்காரர்தான் பெரிய கூட்டம். ஒரு வயதால் தவறிவிட்டேன்.

மே 14

லீ பார்டூகோவின் 'சிக்ஸ் ஒவ் குரோஸ்' முடிந்தது. 2015இல் வந்த நாவல். ஆறு பேர் சேர்ந்து, யாராலும் உடைக்க முடியாத ஒரு கோட்டைக்குள் புகுந்து ஒருவரைத் தூக்கிவரப் போகிறார்கள். மூன்று இரவு விளக்கை அணைக்கவில்லை. இவர் தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.

பிடித்தது: தலைவன் காஸுக்கு ஒரு கால் ஊனம். ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். இத்தனை மந்திரம் உள்ள உலகத்தில் ஒருத்தரும் அந்தக் காலைக் குணமாக்கிக் கதையைக் கெடுக்கவில்லை.

பிடிக்காதது வயது. காஸுக்குப் பதினேழு. பதினேழு வயதில் சூதாட்டக் கூடமும் ஒரு கும்பலும் அவன் கையில், ஐம்பது வயது முதலாளியைப் போல யோசிக்கிறான். ஆறு பேருக்கும் பத்துப் பத்து வயது கூட்டினாலும் கதையில் ஒரு வரி மாற்ற வேண்டி வராது. இதைச் சொன்னதும் பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரியம்மா, பதினேழு வயசில உங்களுக்கு உள்ளுக்க எத்தனை வயசு?"

கேட்டுவிட்டு முருங்கைக்காய் பறிக்கப் போய்விட்டாள். நான் இன்னும் அதற்குப் பதில் யோசிக்கிறேன்.

மே 15

பின்னேரம் முழுக்க கரண்ட் இல்லை. வெக்கை. ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

மே 19

டெரி பிராட்செட், 'த வீ ஃப்ரீ மென்', 2003. நாயகி டிஃபனிக்கு ஒன்பது வயதுதான். ஆற்றில் ஒரு பூதம் எழும்புகிறது. வீட்டிலுள்ள கதைப் புத்தகத்தில், அந்தப் பூதத்துக்கு சூப் கோப்பை அளவு கண் என்று எழுதியிருக்கிறது. டிஃபனி என்ன செய்கிறாள்? குசினிக்குப் போய் சூப் கோப்பையை அளக்கிறாள். எட்டு அங்குலம். சரி, எட்டு அங்குலக் கண் என்றால் எவ்வளவு பெரிய ஆள் என்று கணக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தம்பியின் கையில் இனிப்பைக் கொடுத்து ஆற்றங்கரையில் இருத்துகிறாள், இரையாக. பூதம் வந்ததும் பொரிக்கும் தாச்சியால் ஒரே அடி.

சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது.

எங்களுக்கும் வாவியில் பூதம் இருந்தது. கிட்டப் போனால் காலைப் பிடித்து இழுக்கும் என்று அம்மா சொல்லுவா. நாங்கள் நம்பினோம், பயந்தோம், ஒருத்தியாவது அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்து, மீன் பாடுகிறதா என்று கேட்பார்களே, எங்களூரில் அந்த ஆட்களைத்தான் டிஃபனி சாதி என்று சொல்லலாம். ஒருமுறை நானும் வைத்துப் பார்த்தேன். கிளாஸ் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம். அது மீனா, என் காது இரைச்சலா என்று இன்றுவரை சண்டை.

இந்தப் புத்தகத்தில் இன்னொன்று. டிஃபனிக்கு வீடு இருக்கிறது. பாற்கட்டி செய்கிறாள், ஆடு இருக்கிறது, கை பிசுபிசுக்கும் தம்பி இருக்கிறான், செத்துப்போன பெத்தாவின் ஞாபகம் இருக்கிறது. மற்றப் புத்தகங்களில் இல்லாதது என்ன என்று அப்போதுதான் பிடிபட்டது.

மே 24

தாய்மார்.

மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் தாயைக் கொன்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் கதை தொடங்குமுன்பே கொன்று வைத்திருக்கிறார்கள். காரணம் விளங்குகிறது. தாய் உயிரோடு இருந்தால் "எங்க போறாய், சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள், உலகத்தைக் காப்பாற்றப் புறப்படவே ஒண்ணாது. பிலிப் புல்மன் மட்டும் கெட்டிக்காரன். 1995இல் எழுதிய 'நோர்தேர்ன் லைட்ஸ்' நாவலில் தாயை உயிரோடு விட்டு, அவளையே பயங்கரமான ஆளாக்கி, மகளுக்குப் பின்னால் திரியவிட்டார்.

மற்றப் புத்தகங்களில் தாயில்லாத அந்தப் பிள்ளை பதினாறு வயதில் தெரிந்தெடுக்கப்படுகிறாள். ஆயுதம் பழகுகிறாள். முந்நூறாம் பக்கத்தில் முதல் ஆளைக் கொல்கிறாள். முந்நூற்றிரண்டில் யாரையோ முத்தமிடுகிறாள். எனக்கு முந்நூற்றியோராம் பக்கம் வேண்டும்.

1996. எனக்கு முன் வாங்கில் இருந்தவள் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது. இயக்கத்துக்குத் தானாகப் போனாளா, கொண்டுபோனார்களா என்பது அவளுடைய அம்மாவுக்கே ஒரு மாதம் தெரியாது. 2004 சித்திரையில் இந்தப் பக்கம் நிறையப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அவளும் வந்தாள். இப்போது கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். கல்யாண வீட்டுக்கு வந்தால் சுவரில் முதுகு படுகிற கதிரையைத்தான் தேடுவாள், வாசல் கண்ணில் பட வேண்டும். மற்றபடி எங்களைப் போல்தான், அரிசிமா விலையைப் பற்றிக் கதைப்பாள்.

கொப்பியைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து எட்டு மாதம் வைத்திருந்தேன். டிசம்பரில் கடல் வந்து வீட்டோடு கொண்டுபோய்விட்டது.

மே 25

நேற்று எழுதியதை வாசித்தேன். இருக்கட்டும்.

மே 30

ஏழில் தடித்தது உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ'. நான்கு நாவல்கள் ஒரே கட்டில். முதலாவது 1968இல் வந்தது, இந்தக் கத்தி கிரீடப் புத்தகங்களுக்கெல்லாம் பெத்தா முறை. முழுக்கத் தீவுகள். மந்திரம் படிக்க ரோக் என்ற தீவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறம், அவனுடைய கூட்டாளி கறுப்பு. ஆனால் பல காலமாக அட்டைப்படத்தில் அவனை வெள்ளைக்காரனாகவே வரைந்தார்களாம், லெ குவினுக்கு அதில் கோபம். பிள்ளை பாதிப் புத்தகம் வாசித்த பிறகுதான் அவனுடைய நிறத்தைக் கவனித்தாளாம். "நான் வெள்ளையெண்டுதான் நினைச்சிக்கிட்டிருந்தன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அங்கே மந்திரம் என்றால் பெயர்தான். எதற்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். அதனால் மெய்ப்பெயரை மறைத்து, ஊருக்கு வேறு பெயர் சொல்வார்கள். எங்களில் இது தலைகீழ். பதிவுப் பெயர் ஊருக்கே தெரியும், வீட்டுப் பெயரைத்தான் மறைக்கிறோம். என் வீட்டுப் பெயர் கந்தோரில் தெரியவந்தால் நான் இடமாற்றம் கேட்க வேண்டியதுதான்.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் இன்றைக்கும் பகிடி பண்ணுகிறார்கள். கொழும்பில் வேலை செய்தபோது ஒருத்தி என் வீட்டுப் பாயில் இருக்கவே மறுத்தாள். இத்தனை புகழ் இருந்தும் ஒட்ட வைக்கிற முறையை ஒழுங்காக எழுதிவைத்த ஒரு நாவல் எங்களிடம் இல்லை. என்ன பாய், என்ன நேரம், ஒட்டினவர் எழும்புவது எப்படி? ரோக் தீவுப் பள்ளிக்கூடம் என்றால் இதற்கு ஒரு தவணை ஒதுக்கியிருக்கும்.

ஜூன் 3

செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனோம். நான், தங்கை, பிள்ளை. பஸ்ஸில் காத்தான்குடி தாண்டும்வரை நின்றபடி, ஆரையம்பதியில்தான் இருக்க இடம் கிடைத்தது.

இரவில் உடுக்குச் சத்தத்தோடு கண்ணகி கதை பாடுகிற வழக்குரை. பிள்ளை மணலில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "கண்ணகிக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள். கல்யாணத்தில் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு என்று இளங்கோ முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். மதுரை எரியும்போது எத்தனை என்று சொல்லவில்லை, எப்படியும் சின்னப் பெட்டைதான். அநியாயமாகப் புருஷன் சாகிறான், அரசவையில் சிலம்பை உடைக்கிறாள், மார்பைத் திருகி எறிகிறாள், நகரம் பற்றி எரிகிறது. "பெரியம்மா, இது அப்பிடியே நான் வாசிக்கிற கதைதான்" என்றாள். ஓம். அவளுடைய புத்தகமென்றால் அந்த இடத்தில் முதல் பாகம் முடியும். மறுகா அடுத்த பாகத்தில் அவளைச் சிம்மாசனத்தில் ஏற்றுவார்கள்.

எங்கள் ஆட்கள் அப்படி விடவில்லை. எரித்தவளுடைய சூடு இன்னும் ஆறவில்லை, ஆற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அதுவும் ஒருமுறையோடு சரியில்லை, ஒவ்வொரு வைகாசியும். கதவு திறந்து, நாள்கணக்காகப் பாடி, கடைசியில் குளிர்த்தி. விடியப்புறம் வேப்பிலையால் தெளித்த மஞ்சள் தண்ணீர் என் கண்ணாடியில் விழுந்து உலகமே மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கிழவி, "ஆறு தாயே, ஆறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தா, காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையைத் தடவுகிற குரலில்.

"இது எபிலோக் மாதிரி" என்றாள் பிள்ளை. கதை முடிந்த பிறகு வருகிற அந்தக் கடைசித் துண்டு, எபிலோக், அவளுடைய புத்தகங்களில் இரண்டு பக்கம்.

ஜூன் 5

நித்திரை கெட்ட அலுப்பு. லீவு போட்டுவிட்டு எர்த்சீ நான்காவது கதை, 'டெஹானு'.

இரண்டாவது கதையில் டெனார் என்ற சின்னப் பெட்டையைக் கோயிலுக்குப் பூசாரியாகக் கொண்டுபோகிறார்கள், பெயரையும் பறித்துக்கொண்டு. கதை தொடங்கும்போது அவளுடைய அம்மா பின்னேரத்தில் வாசலில் நின்று வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். தகப்பன், எடுக்க வரப்போகிறார்கள், ஏன் பாசம் வைக்கிறாய் என்கிறான். முதல்முறை வாசித்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் சென்றது.

மூன்றாவது 1972இல். உலகம் காப்பாற்றப்பட்டது, கதை முடிந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் திரும்ப வந்து நான்காவதை எழுதினா. டெனார் இப்போது நடுவயது விதவை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். நெருப்பில் தள்ளப்பட்டு முகமும் கையும் வெந்துபோன ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறாள். பெரிய மந்திரவாதி கெட் சக்தியெல்லாம் செலவழித்து வெறும் ஆளாக வந்து சேர்கிறான். வந்து ஆடு மேய்க்கப் போகிறான். வெட்கப்படுகிறான். டெனார் அடுப்பு மூட்டுகிறாள், பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுகிறாள், ராவில் கதவைத் தாழ்ப்பாள் போட்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்க்கிறாள்.

என் முந்நூற்றியோராம் பக்கத்தை ஒருத்தி முழு நாவலாகவே எழுதி வைத்திருக்கிறா. இளையோருக்கான தட்டில் இதை ஏன் வைத்தார்கள் என்று தெரியாது. அங்கே வைத்ததுதான் சரி.

குறை இல்லாமல் இல்லை. முடிவு அவசரம். வில்லன் கடதாசி பொம்மை. பரவாயில்லை.

ஜூன் 8

பிள்ளையிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்து, நான்காவதையும் வாசி என்றேன்.

"சண்டை இருக்கா?"

"பெரிசா இல்ல."

"மறுகா என்ன செய்றாங்க?"

"ஆடு மேய்க்கிறாங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனாள். இரவு தண்ணீர் அள்ளப் போனபோது அவர்கள் திண்ணையில் புத்தகம் குப்புறக் கிடந்தது, செட்டிபாளையம் பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து, நான்காவது கதையில் ஆறு பக்கம் தள்ளி. உள்ளே அவள் 'சிக்ஸ் ஒவ் குரோஸ்' இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தாள்.