98 நாள் பிரசவ விடுப்பு: கையில் எவ்வளவு வரும்?

மலேசியாவில் பிரசவ விடுப்புப் பணத்துக்கு, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 98ஆல் பெருக்குவதுதான் எல்லாரும் போடும் முதல் கணக்கு. மாதம் 3,000 ரிங்கிட் வாங்குபவருக்கு நாளொன்றுக்கு 115.38, மொத்தம் 11,307 ரிங்கிட் என்று வரும். மாதச் சம்பளக்காரருக்கு அவ்வளவு கிடைக்காது. விடுப்புக் காலத்தில் மாதச் சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தால், பிரசவ உதவித்தொகை கொடுத்தாகிவிட்டது என்றே 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. 2026 மார்ச் 2 திங்கட்கிழமை விடுப்பு தொடங்கினால் 98ஆவது நாள் ஜூன் 7, ஞாயிறு. மார்ச்சில் 30 நாள், ஏப்ரலும் மேயும் முழுசாக, ஜூனில் 7 நாள்: ஏறக்குறைய 9,600 ரிங்கிட். மீதி 1,700ஐ எச்.ஆர். அமுக்கிவிட்டதாகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அந்த 3,000 எதனால் ஆனது என்பதையும் பே ஸ்லிப்பில் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 2,600, பதவி அலவன்ஸ் 250, பயணப்படி 150 என்று பிரிந்திருந்தால், சட்டம் ‘சம்பளம்’ என்று சொல்வது 2,850ஐ மட்டுமே. பயணப்படியும் ஆண்டு போனஸும் அதில் சேராது. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஓ.டி.யை (கூடுதல் நேர வேலைப் பணத்தை) நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான். அந்த மூன்று மாதமும் ஓ.டி. பூஜ்யம். கார்த் தவணையை ஓ.டி. சேர்த்து வந்த சம்பளத்தை வைத்துப் போட்டிருந்தால், வளைகாப்புக்கு முன்பே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் விடுப்பிலும் தொடரும். சொக்சோவிலிருந்து பிரசவத்துக்கென்று தனிப் பணம் வராது. கொடுக்க வேண்டியது முழுக்க முதலாளிதான்.

நாள் சம்பளக்காரருக்கு நிலைமை தலைகீழ். இங்கே 98ஆல் பெருக்கத்தான் வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடையிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையிலோ வாரம் ஆறு நாள் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 என்றால், ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65.38 ரிங்கிட். 98 நாளுக்கு 6,407.24. ஆனால் சில கடைகளில் ‘ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்கு வரமாட்டாயே’ என்று 14 ஞாயிறுகளைக் கழித்து, 84 நாளுக்கு மட்டும் 5,491.92 கொடுத்து அனுப்புவார்கள். 915 ரிங்கிட் போயிற்று. சட்டம் சொல்வது தொடர்ச்சியான 98 நாள், அதில் ஒவ்வொரு நாளுக்கும் பணம். ஓய்வு நாள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கேட்டும் கொடுக்கவில்லை என்றால் பே ஸ்லிப்போடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

பணம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அதே முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். முந்தைய நான்கு மாதத்தில் ஒரு நாளாவது அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் வேலையை விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தும், கர்ப்பமாக இருப்பதை முதலாளியிடம் சொல்லாமல் விலகினால் உதவித்தொகை போய்விடும். சொல்லிவிட்டு விலகுங்கள், அதுவும் எழுத்தில். ஐந்து பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தால் விடுப்பு உண்டு, பணம் கிடையாது. 22 வாரம் கடந்தபின் குழந்தை இறந்து பிறந்தாலும் சட்டப்படி அது பிரசவம்தான். 98 நாளும் உண்டு. இந்த விவரம் தெரியாமல் இரண்டு வார எம்.சி.யோடு (மருத்துவ விடுப்போடு) வேலைக்குத் திரும்பிவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தேதிதான் எல்லாவற்றையும் விடச் சிக்கல். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் விடுப்பைத் தொடங்க முடியாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டித் தள்ளிப்போடவும் முடியாது. அந்த 30 நாள் உண்மையான பிரசவ நாளிலிருந்து எண்ணப்படுகிறது, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து அல்ல. டாக்டர் சொன்னது மார்ச் 30. சரியாக 30 நாள் முன்னதாக, பிப்ரவரி 28 அன்று ஒருவர் விடுப்பில் போகிறார். குழந்தை அவசரப்படாமல் ஏப்ரல் 6 அன்று பிறக்கிறது. இப்போது பிப்ரவரி 28 முதல் மார்ச் 6 வரை உள்ள ஏழு நாள் பிரசவ விடுப்பில் சேராது. ஆண்டு விடுப்பு மிச்சமிருந்தால் அதில் கழிக்கலாம். இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு. அப்போது அந்தந்த மாதத்து நாட்களால் வகுப்பார்கள்: 3,000 ரிங்கிட் சம்பளத்தில் பிப்ரவரியில் ஒரு நாளுக்கு 107.14, மார்ச்சில் ஆறு நாளுக்கு 580.65, ஆக 687.79 பிடித்தம். ஒரு ஆறுதல்: 98 நாளும் மார்ச் 7இலிருந்து புதிதாக எண்ணப்படுவதால் விடுப்பு ஜூன் 5க்குப் பதிலாக ஜூன் 12 வரை நீளும். முதல் பிரசவமாக இருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பிருந்து மட்டும் விடுப்பு எடுப்பதே பத்திரம். குழந்தையோடு இருக்கும் நாளும் கூடுதலாகக் கிடைக்கும்.

விடுப்பு தொடங்கும் தேதியை, எதிர்பார்க்கும் பிரசவத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் போனால், தெரிவிக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசமோ தீபாவளியோ 98 நாளுக்குள் வந்தால் அதற்கு மாற்று விடுமுறையை எதிர்பார்க்க வேண்டாம். எம்.சி.யிலோ ஆண்டு விடுப்பிலோ பொது விடுமுறை வந்தால் மாற்று நாள் தர வேண்டும் என்கிற சட்டம், பிரசவ விடுப்பை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை.

அப்பாக்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ஏழு நாள், சம்பளத்தோடு. இதுவும் தொடர்ச்சியான ஏழு நாள். சனி, ஞாயிறும் அதில் அடக்கம். ஐந்து பிரசவம் வரை கிடைக்கும். அதே முதலாளியிடம் 12 மாதம் முடிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாள் முன்போ, முடியாவிட்டால் குழந்தை பிறந்தவுடன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அப்போதோ சொல்லிவிட வேண்டும். சட்டம் இங்கே ‘மணமான ஆண்’ என்கிறது, அம்மாவுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆகவே எச்.ஆர். திருமணச் சான்றிதழ் கேட்கும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஜோடிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வயிற்றில் ஐந்தாறு மாதம் இருக்கும்போதே பதிவை முடித்து, சான்றிதழின் நகலை எச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள்.