அன்னாபெர்க்கில் ஒரு தேவதைக் காசு

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், கெம்னிட்ஸிலிருந்து அன்னாபெர்க்குக்கு மலைப்பாங்கான பாதையில் ஒரு சின்ன ரயில் போகிறது. எர்ட்ஸ்கெபிர்கே என்ற மலைப்பெயருக்கே தாதுமலை என்றுதான் அர்த்தம். பத்து வருடமாக அந்தக் கால ஜெர்மன் வெள்ளிக் காசுகளைச் சேர்த்து வருகிறேன். அந்த வெள்ளி வெட்டியெடுத்த மண்ணை ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்று ஆசை.

1490களின் தொடக்கத்தில் இங்கே ஷ்ரெக்கன்பெர்க் குன்றில் வெள்ளி கிடைத்தது. 1496ல் ஊரே எழும்பிவிட்டது. 1498 முதல் அடித்த காசுக்கும் குன்றின் பெயர்தான்: ஷ்ரெக்கன்பெர்கர். சாக்சனியின் கேடயத்தைப் பிடித்தபடி ஒரு தேவதை நிற்பதால் தேவதைக் காசு என்றும் சொல்வார்கள். எடை ஏறத்தாழ நாலரை கிராம். ஏழு சேர்ந்தால் குல்டன் என்ற பெரிய நாணயம் ஒன்றின் மதிப்பு.

ரயிலடியிலிருந்து மேடேறிப் புனித அன்னாள் தேவாலயத்துக்குப் போனேன். கூரையில் பூ விரிந்தாற்போல் ஓடும் கல்வரிகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் நான் தேடி வந்தது சுரங்கத் தொழிலாளர் பீடத்தின் பின்பக்கத்தை. 1521ல் முடிந்த அந்தப் பீடத்தில் ஹான்ஸ் ஹெஸ்ஸே தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. குன்றெங்கும் சுரங்க வேலை, தாது கழுவுவது, உருக்குவது, அப்புறம் காசு அடிப்பது. சாமியின் முதுகுப்புறத்தில் ஓர் ஊரின் உழைப்பு முழுவதும்! கண் கலங்கிவிட்டது.

கீழச்சு கட்டையில் பதிந்திருக்கும். அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அடி கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கத்து எழுத்து சரியாக விழாது. தேய்மானம் அப்படி இல்லை. மேடான இடங்களை எல்லாப் பக்கமும் மழுக்கிவிடும். படித்துத் தெரிந்ததுதான், ஆனால் அந்த ஓவியத்தின் முன்னால் நின்றபோதுதான் மனதில் உறைத்தது. தேய்ந்தது என்று நான் ஒதுக்கிய காசுகள் எத்தனையோ!

மறுநாள் டிரெஸ்டன். அரண்மனையில் உள்ள நாணயக் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பழங்காசுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ஷ்ரெக்கன்பெர்கர்களை எடுத்து வைத்தார். ஒன்று பளிச்சென்று இருந்தது. ஆனால் விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. யாரோ கழுத்தில் அணிந்திருக்க வேண்டும். இன்னொன்றில் இடப்பக்க எழுத்துகள் மங்கல். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தேவதையின் சிறகில் ஒவ்வோர் இறகும் கூர்மையாக இருந்தது.

அதையே வாங்கிக்கொண்டேன்.