பழைய பிக்கப்பின் ஏசி: கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பார்த்தவை

வண்டி 13 வருஷப் பழசு, டபுள் கேபின் பிக்கப். காலையில் ஓரளவு குளிர்கிறது, பதினோரு மணிக்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது என்பது புகார். மூன்று கோடையில் நான்கு முறை கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது.

ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பர் ஹோஸ் வழியே வருஷத்துக்குச் சில கிராம் போவது இயல்பு; இரண்டு மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதனால் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டும் முன் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியதை முடித்தோம். பெல்ட் இழுவை சரி, ப்ளோயர் நான்கு ஸ்பீடும் ஓடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் முகத்தில் வைக்கோல் தூசியும் பூச்சியும் அப்பியிருந்தன. ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் இருந்ததுதான் அதிகம், முன்னால் நின்று பார்த்தால் அது தெரியாது. தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த வேகத்தில் அடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற காற்று வழியும் போய்விடும்.

அடுத்தது கம்ப்ரசர் கிளட்ச்: பெல்ட் சுற்றும் புல்லியோடு ஒரு தட்டைக் காந்தத்தால் ஒட்டவைத்து, கேஸை அழுத்தும் கம்ப்ரசரை ஓட்டுவது. ஐடிலில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் விட்டோம். 'டிக்' என்ற சத்தத்தோடு தட்டு நின்றது, புல்லி மட்டும் சுற்றியது. அந்த நேரத்திலேயே கிளட்ச்சின் காந்தக் காயில் கனெக்டரில் மீட்டரை வைத்தால் 12.9 வோல்ட். மின்சாரம் வருகிறது, தட்டு ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்ச்சில்தான். அங்கே வோல்ட்டேஜே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் தெர்மோஸ்டாட் என்று பின்னோக்கித் தேட வேண்டும். பிரஷர் சுவிட்சை வயரால் ஷார்ட் செய்து ஓட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கேஸ் இல்லாதபோது கம்ப்ரசரை நிறுத்துவதற்குத்தான் அந்த சுவிட்ச் இருக்கிறது. கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிறது. ஷார்ட் செய்து ஓட்டினால் கம்ப்ரசர் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

என்ஜினை அணைத்து, ஆறியபின் கிளட்ச் காயிலை அளந்தால் 3.7 ஓம். 12 வோல்ட் காயிலுக்கு அது சரியான அளவு. 24 வோல்ட் லாரியாக இருந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு காட்டும். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஃபில்லர் கேஜை விட்டபோது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. 0.4 முதல் 0.7 வரைதான் இருக்கலாம். வருஷக்கணக்கில் உராய்ந்து தேய்ந்ததால் வந்த இடைவெளி அது. காலையில் காயில் குளிர்ந்திருக்கும்போது இந்தத் தூரத்தையும் தாண்டி இழுத்துவிடுகிறது. சூடேறினால் செம்புக் கம்பியின் தடை 60 டிகிரிக்குக் கால் பங்கு அளவு கூடும், கரண்ட் குறையும், காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது. மத்தியானத்துப் புகாரில் பாதி இதுதான். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால் உள்ளே மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். 0.4 கனத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினோம். சுற்றிலும் மூன்று இடத்தில் அளக்க 0.5 வந்தது. 0.3க்குக் கீழே போனால் ஏசி போடாதபோதும் உரசி, கருகிய வாடை வரும்.

பிறகுதான் கேஜ். இது ஆர்-134ஏ கேஸ் போடும் வண்டி என்பதை அமுக்கி மாட்டும் போர்ட்டுகளே சொல்லும்: லோ சைடு (அழுத்தம் குறைந்த பக்கம்) 13 மில்லிமீட்டர், ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) 16. மரை போட்ட போர்ட் என்றால் பழைய ஆர்-12, அதன் ஆயிலும் இணைப்புகளில் வரும் ரப்பர் ஓ-ரிங்கும் வேறு. என்ஜின் ஓடாமல், நிழலில், 34 டிகிரியில் இரண்டு பக்கமும் 110 பிஎஸ்ஐ. இதைப் பார்த்து 'கேஸ் ஃபுல்' என்று சொல்வது தவறு. குழாய்க்குள் திரவமாக ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும், முழுக்க நிறைந்திருந்தாலும் அந்த வெப்பத்தில் இதே அளவுதான் காட்டும். 25 டிகிரியில் 82, 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ. இதைவிடக் குறைவாகக் காட்டினால் உள்ளே திரவமே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் இந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியாது.

1500 ஆர்பிஎம்மில் ஓட்டியபோது லோ 18, ஹை 140. இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவுதான். ஆனால் எங்காவது அடைத்திருந்தாலும் இப்படிக் காட்டலாம். ஈரத்தை உறிஞ்சும் டிரையரின் உள்வரும் குழாயையும் வெளிவரும் குழாயையும் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே சூடு, அதனால் அங்கே அடைப்பு இல்லை. மற்ற கணக்குகள் வேறு. லோ 60க்கு மேல், ஹை 120தான் என்றால் கம்ப்ரசர் வால்வு போயிருக்கிறது. லோ பூஜ்யத்துக்கு இறங்கினால் கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு நின்று, அணைத்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து வால்வில் பனிக்கட்டியாகிறது. ஹை சைடு 300ஐத் தாண்டினால் கண்டென்சர் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் கண்டென்சருக்குக் காற்றோட்டம் போதவில்லை: தூசியாக இருக்கலாம், ஃபேனாக இருக்கலாம்.

ஓட்டை தேடும் வேலைதான் எல்லாவற்றிலும் நேரம் தின்பது. மிச்சக் கேஸை ரெக்கவரி மெஷினில் எடுத்துவிட்டு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றினோம். ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்கும் ஏற்றக் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வேண்டாம், அதில் ஈரம் வரும். சாயங்காலம் 35 டிகிரியில் 150 வைத்தது காலை 25 டிகிரியில் 145 ஆகத் தெரிந்தால் அது கசிவு இல்லை, குளிர்ந்ததால் சுருங்கியது. இங்கே காலையில் 126 இருந்தது. ஆயில் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும் இடங்களில்தான் முதலில் சோப்பு நுரை வைக்க வேண்டும். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசியும். கண்டென்சரின் கீழ் மூலையில், ரப்பர் தாங்கி எப்போதும் ஈரமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், கடுகைவிடச் சின்னக் குமிழிகள் விட்டுவிட்டு வந்தன. லோ சைடு போர்ட்டுக்குள் இருக்கும் ஊசி வால்விலும் (பின் வால்வு) ஒரு குமிழி. அதன் மூடி எப்போதோ தொலைந்திருக்கிறது. நான்கு முறை கேஜ் மாட்டியும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மெல்லிய தட்டைக் குழாய் கண்டென்சரில் ஆர்கான் வெல்டு வைப்பதை நாங்கள் செய்வதில்லை. சூட்டில் பக்கத்துக் குழாய் விட்டுவிடும். கண்டென்சர் புதிது, பின் வால்வு புதிது, டிரையர் புதிது. டிரையரை மட்டும் பழையதாக விடச் சொல்லிக் கேட்பார்கள். திறந்து கிடந்த டிரையர் காற்றின் ஈரத்தை முழுக்க உறிஞ்சியிருக்கும், மறுபடி மாட்டினால் வீண். ஓ-ரிங்குகள் பச்சை நிறத்தில் வரும் ஆர்-134ஏ வகை. மாட்டும் முன் ஏசி ஆயிலில் தொட்டுக்கொள்ள வேண்டும், கிரீஸ் கூடாது. பழைய கண்டென்சரைச் சாய்த்து வடித்த ஆயில் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்ததால் கம்ப்ரசரைத் தொடவில்லை. அது கறுத்தோ, வெள்ளிப் பொடி மினுங்கியோ வந்திருந்தால் கம்ப்ரசர் உள்ளே அரைபட்டிருக்கும். அப்போது எக்ஸ்பேன்ஷன் வால்வும் சேர்த்து மாற்றி, குழாய்களை ஃப்ளஷ் செய்யாமல் முடியாது. புதுக் கண்டென்சருக்கு 35 மில்லி, டிரையருக்கு 15 மில்லி ஆயில் கூட்டினோம். கம்ப்ரசர் லேபிளில் சொன்ன பிஏஜி 46 வகை ஆயில்தான். வேறு தடிமன் எடுத்தால் அளவு சரியாக இருந்தும் பலன் இல்லை.

உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சும் வேக்கும் 45 நிமிடம். கேஜ் பாதரசக் கணக்கில் 29 அங்குலத்துக்கு மேல் இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் வீட்டு வெப்பத்திலேயே கொதித்து ஆவியாக வெளியேறும். ஊட்டியில் இதே பம்ப் 23 அங்குலத்தைச் சுற்றித்தான் காட்டும், அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பம்பை நிறுத்தி 20 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின் கேஸ்.

பானட் ஸ்டிக்கரில் 550 கிராம். கேஜைப் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவதைவிட எடை போட்டு ஏற்றுவதே சரி. 50 கிராம் கூடினாலும் வெயிலில் ஹை சைடு எகிறும். என்ஜின் அணைந்திருக்கும்போது ஹை சைடு வழியே கேனைக் கவிழ்த்துத் திரவமாக 250 கிராம். பிறகு ஹை சைடு வால்வை மூடிவிட்டு, என்ஜினை ஓட்டி, கேனை நிமிர்த்தி, மீதியை லோ சைடில் ஆவியாக. ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து வெடிக்கலாம். கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். போலி ஆர்-134ஏயில் கலந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்ததுதான் அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது.

எல்லாம் முடித்து ஓட்டினால் லோ 36, ஹை 225. கேஜ்படி குறையே இல்லை. ஆனால் நடு வென்டில் தெர்மாமீட்டர் 14 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. கூலிங் காயிலிலிருந்து வரும் குழாய் சில்லென்று இருந்தும் காற்று அப்படி இல்லை என்றால் இடையில் எதுவோ சூடாக்குகிறது. என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டால் கை சுட்டது. என்ஜின் வெந்நீரை நிறுத்த வேண்டிய ஹீட்டர் காக் முழுக்க மூடுவதில்லை. வெந்நீர் ஹீட்டர் கோரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்ததும் ஐந்து நிமிடத்தில் வென்ட் 8 டிகிரி. ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது இரண்டு நிமிடச் சோதனை, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஹீட்டர் காக்கை மாற்றி, கேபிள் கடைசி வரை இழுக்கிறதா என்று லிவரை அசைத்துப் பார்த்தோம். சமவெளியிலேயே ஓடும் வண்டிகளுக்குச் சிலர் இரண்டு ஹோஸையும் யு-வளைவாக இணைத்து ஹீட்டரையே விலக்கிவிடுகிறார்கள். மழையில் கண்ணாடிப் பனி நீங்க ஏசியே போதும் என்றால் அதுவும் சரிதான்.

கூலிங் காயில் தட்டின் வடிகுழாயை அடியிலிருந்து கம்பி விட்டுக் குத்தியதில் களிமண் மாதிரி அரை டம்ளர் வந்தது. பக்கத்து சீட்டின் மிதியடி நனைந்திருந்தது அதனால்தான். இரண்டு போர்ட்டுக்கும் ரப்பர் உள்ள மூடி போட்டோம். பத்து நாள் கழித்து வண்டி வந்தபோது கேஜ் மாட்டவில்லை. மாட்டினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் ஹோஸோடு போகும். வென்டில் தெர்மாமீட்டர் வைத்தோம், மதியம் இரண்டு மணிக்கு 9 டிகிரி.