ஜெல்லா, ஏஜிஎம்மா?

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு மதிலோரம் நிற்கிற கேரவன். உள்ளே இருக்கிற பேட்டரி ஜெல்லா (அமிலம் கூழாக இருப்பது), ஏஜிஎம்மா (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பது) என்று சார்ஜரில் சுவிட்ச் போட்டுச் சொல்லணும். எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தச் சுவிட்சைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரி லேபிளைத் துடைத்துப் படித்தார்.

"ரெண்டுமே சீல் வச்சதுதானே, எதுல போட்டா என்னண்ணே?"

"ஜெல்லுக்கு 14.2 வோல்ட் போதும் தம்பி. ஏஜிஎம் 14.4க்கு மேலயும் தாங்கும். அதையே ஜெல்லுக்குக் குடுத்தா உள்ள குமிழி விழுந்துரும். தண்ணி ஊத்தியெல்லாம் சரிபண்ண முடியாது."

அப்புறம் நம்ம ஊர் வெயில். 25 டிகிரிக்கு மேலே போகப் போக வோல்ட்டைக் குறைக்கணும். 40 டிகிரியில் கிட்டத்தட்ட 0.3 வோல்ட். வெப்ப சென்சார் இருந்தால் சார்ஜரே பார்த்துக்கொள்ளும்.

ஏசி, ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் கேட்டுக் கேட்டு வண்டியில் வைக்கிறார்கள். இந்தச் சின்ன சென்சாரைக் கேட்கிற ஆளைத்தான் காணோம்.